வீட்டுத் தூசியும் பிள்ளைங்க வீசிங்கும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க கடன், சேமிப்பு, தொழில்னு பேசினாங்க. நானும் கடன்லருந்தே ஆரம்பிக்கிறேன். எங்க குழு நோட்டுல உள்கடன் எதுக்கு வாங்கினாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல "ஆஸ்பத்திரி செலவு"ன்னு எழுதினது நிறைய. அதுலயும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில வாங்கினது பாதிக்கு மேல பிள்ளைங்க வீசிங்குக்காகத்தான். உங்க நோட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க.

என் பெரிய பையனுக்கு மூணு வயசுலருந்து வீசிங். பகல்ல நல்லா ஓடி ஆடுவான். ராத்திரி படுத்து ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னா இழுக்க ஆரம்பிச்சிடும். "ஐஸ் வாங்கிக் குடுத்திருப்பா", "வீட்டைப் பெருக்குறதே இல்ல"ன்னு பழி எல்லாம் பெத்தவ மேலதான். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா மட்டும் வேற மாதிரி கேட்டாங்க. "பையன் எதுல படுக்கிறான்? தலைகாணி எத்தனை வருஷத்துது?"ன்னு. அது என் கல்யாணத்துக்கு எங்க அம்மா குடுத்த இலவம்பஞ்சுத் தலைகாணி. உறைதான் மாத்துவோம், உள்ள இருக்கிற பஞ்சை யார் பார்க்கிறது?

டாக்டரம்மா சொன்ன விஷயம் இதுதான். வீட்டுத் தூசியில ஒரு பூச்சி இருக்கு. உண்ணி இனம், எட்டுக் கால். ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூட்டைப்பூச்சி மாதிரி கடிக்காது. நம்ம உடம்புலருந்து தினம் உதிர்ற தோல் பொடிதான் அதுக்குச் சாப்பாடு. அதனால தலைகாணி, மெத்தை, போர்வையிலதான் குடியிருக்கும். அதோட கழிவு பொடியா மூச்சுல ஏறும். ஒத்துக்காத பிள்ளைக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இழுப்பு எல்லாம் வரும். 1960-கள்ல நெதர்லாந்து நாட்டு லைடன் ஊர் ஆராய்ச்சிக்காரங்க இதைக் கண்டுபிடிச்சாங்களாம். ஈரம் ஏறின வீட்டுலதான் பூச்சி அதிகம்னும் அவங்க பார்த்திருக்காங்க. இந்தப் பூச்சி தண்ணி குடிக்காது. காத்துல இருக்கிற ஈரத்தைத்தான் உடம்புல இழுத்துக்கும். காத்து காய்ஞ்சா அதுவும் காய்ஞ்சு செத்துடும்.

ஆகவே அழுக்கு வீட்டுலதான் இது இருக்கும்னு நினைக்காதீங்க. பளிச்சுனு இருக்கிற மாடி வீட்டு மெத்தையிலயும் இருக்கும். சொல்லப்போனா பாயில படுக்கிறவங்களுக்குக் கொஞ்சம் நல்லது. கோரைப்பாயைத் துடைக்கலாம், உதறலாம், வெயில்ல போடலாம். தவணையில வாங்கின பஞ்சு மெத்தையை என்ன பண்றது? (மெத்தை வாங்கினவங்க கோச்சுக்காதீங்க.)

ஈரம்னு சொல்லும்போது ஃபெஞ்சல் புயலைச் சொல்லாம இருக்க முடியாது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. நம்ம மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை ஊருக்குள்ள வந்தது. தண்ணி வடிஞ்சதும் புயல் போயிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நம்ம தொகுப்பு வீடுகள்ல சுவர் காயவே இல்ல. ஒரே ஒரு ஜன்னல், அதையும் குளிர்னு சாத்தியே வெச்சோம். மூலையெல்லாம் கருப்பா பூஞ்சை. பரண்ல வெச்ச துணிமூட்டை முக்கின வாடை. அந்த மார்கழியில எங்க தெருவுல வீசிங் இல்லாத வீட்டை எண்ணிடலாம். பூஞ்சையும் இந்தப் பூச்சி மாதிரியே மூச்சுக்கு ஆகாது. மழை முடிஞ்ச முதல் வெயில்ல ஜன்னல், கதவு ரெண்டையும் திறந்து காத்து குறுக்கே ஓட விடணும். பூஞ்சையைக் காய்ஞ்ச துணியால தட்டாதீங்க, பறக்கும். ஈரத்துணியால துடைச்சு, பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தேய்ச்சு, நல்லா காய்ஞ்ச பிறகு சுண்ணாம்பு அடிங்க. பிளீச்சிங் பவுடரோட கக்கூஸ் கழுவுற ஆசிட்டை மட்டும் கலந்துடாதீங்க. அதுலருந்து வர்ற வாயு நல்ல நுரையீரலையே கெடுக்கும்.

தலைகாணி உறை, போர்வையை வாரத்துக்கு ஒருதடவை வெந்நீர்ல ஊற வெச்சுத் துவைக்கணும். பச்சைத் தண்ணியில பூச்சி சாகாது, 60 டிகிரி சூடு வேணும். தெர்மாமீட்டருக்கு எங்க போறதுன்னு நானும் கேட்டேன். தளதளன்னு கொதிக்கிற தண்ணி ஒரு வாளி, பச்சைத் தண்ணி ஒரு வாளி சேர்த்தா அந்தச் சூடு வந்துடும். சின்னப் பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க. தலைகாணியை நாள் முழுக்க உச்சி வெயில்ல திருப்பித் திருப்பிப் போடணும். வெயில்ல பூச்சி சாகும், கழிவு அப்படியே இருக்கும். அதனால நல்லா தட்டணும், வாசல்ல இல்ல, கொல்லையில, முகத்துல துணி கட்டிக்கிட்டு. ரொம்பப் பழைய பஞ்சு பொடியாகியிருந்தா அந்தத் தலைகாணிக்கு விடை குடுத்துடுங்க. அம்மா குடுத்ததுன்னு எனக்கும் மனசு வரல, ஆனா குடுத்துட்டேன்.

பெருக்கும்போது வீசிங் உள்ள பிள்ளை உள்ள இருக்கக் கூடாது. எழும்புன தூசி அடங்க அரை மணி நேரம் ஆகும். ஈரத்துணி போட்டுத் துடைச்சா தூசியே எழும்பாது. கரப்பான் பூச்சிக் கழிவும் இழுப்பைக் கிளப்பும், ராத்திரி எச்சில் பாத்திரம் போட்டு வைக்காதீங்க. தலை குளிப்பாட்டிட்டு இழுப்புள்ள பிள்ளைக்குச் சாம்பிராணி போடுறதை நிறுத்துங்க. மூடின ரூம்ல கொசுவத்தியும் வேணாம். வலை கட்டுங்க.

நமக்கும் ஒண்ணு சொல்லணும். ஒட்டடை அடிக்கிறதும், மல்லாட்டை உடைக்கிறதும், நெல் தூத்துறதும் நாமதான். மூக்குல ஒரு ஈரத்துணி கட்ட நமக்கு நேரம் இல்லியா?

இதையெல்லாம் செஞ்சா இழுப்பு குறையும். மருந்தை விட்டுடலாம்னு அர்த்தம் இல்ல. எங்க ஊர்ல வயசுக்கு வந்த ஒரு பொண்ணு, பம்பு அடிக்கிறது வெளிய தெரிஞ்சா மாப்பிள்ளை கிடைக்காதுன்னு வீட்டுல அதை எடுத்து ஒளிச்சு வெச்சாங்க. ஒரு ராத்திரி பேச்சு வராம, உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. 108-ஐக் கூப்பிட்டு, ஆக்சிஜன் வெச்சு உயிர் பிழைச்சா. பம்பு பழகிடும்னு சொல்றது தப்பு. மாத்திரை உடம்பெல்லாம் சுத்தி வரணும், பம்பு நேரா நுரையீரலுக்குப் போகுது, அதனால கொஞ்சம் மருந்தே போதும். டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. முழுசா ஒரு வார்த்தை பேச முடியல, நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குதுன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. நெருக்கமா நெய்த துணியில, ஜிப் வெச்ச தலைகாணி உள்ளுறை தைச்சா பூச்சிக் கழிவு வெளிய வராது. நம்ம குழுக்கள்ல தையல் தெரிஞ்சவங்க எத்தனையோ பேர் சும்மா இருக்காங்க. துணியை மொத்தமா வாங்கிக் குடுத்தா, ஐப்பசி மழைக்கு முன்னாடி வீசிங் பிள்ளைங்க இருக்கிற வீடுகளுக்கு முதல்ல தைச்சுத் தரலாம். காசைத் தவணையில கட்டுறோம். இதை அடுத்த மாசக் கூட்டத்துல தீர்மானமா வைக்கணும்னு கேட்டுக்கிறேன்.