மகாசபையில் கணக்கு வாசித்தல்



ஐக்கிய நாணய சங்கங்களின் மகாசபை கோயில் மண்டபத்திலோ சாவடியிலோ மாலை வேளையில் கூடுவது முன்னாளில் வழக்கம். காரியதரிசி கணக்குப் புத்தகத்தைத் தரையில் விரித்து, குனிந்தபடியே வரவு செலவை வாசிப்பார். அவர் குரல் புத்தகத்துக்குள்ளேயே விழுந்துவிடும். முன்வரிசையில் நால்வர் தலையசைப்பர். பின்னே தூணருகில் உள்ளோர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பர். "சபையோர் ஏகமனதாய் அங்கீகரித்தனர்" என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்படும். காதில் விழாத கணக்கை அங்கீகரிப்பது எங்ஙனம்?

வரையறையற்ற பொறுப்பு ஏற்ற சங்கத்தில் ஒருவர் செலுத்தத் தவறிய கடன் மற்றை அங்கத்தினரின் நிலத்தையும் தொடரக்கூடியது. ஆதலின் தவணை தவறியோர் ஜாபிதா கடைசித் தூண்வரை கேட்டாக வேண்டும்.

அதற்காகக் கத்த வேண்டுவதில்லை. கத்தினால் தொண்டை கம்மும். கேட்போருக்கோ கோபமாய்த் தோன்றும். 1904-ஆம் வருஷத்தில் திருவல்லிக்கேணி நகர ஐக்கிய சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 'வெள்ளி நாவினர்' என்று புகழ்பெற்றது உச்சரிப்பின் தூய்மையால். உரத்த ஓசையால் அன்று.

எழுந்து நின்று, தலை நிமிர்ந்து, புத்தகத்தை மார்பளவு உயர்த்திப் பிடித்தாலே பாதிக் குறை நீங்கும். தோள் உயர மூச்சு வாங்காமல், வயிறு விரிய இழுத்து, வாக்கியம் முடியுமட்டும் அதனைச் சிக்கனமாய்ச் செலவிட வேண்டும். மூச்சுத் தீருமிடத்திலேதான் பெரும்பாலோர் குரல் தணிகின்றது. தமிழிலோ வினைமுற்று கடைசியில் வருவது. "கடன் கொடுக்கலாம்" என்பதும் "கடன் கொடுக்கலாகாது" என்பதும் அக்கடைசி எழுத்துக்களிலன்றோ வேறுபடுகின்றன! அவற்றை விழுங்கினால் தீர்மானமே மாறிப்போம்.

தொகைகளை மெதுவாய்ச் சொல்லி, ஒவ்வொன்றன் பின்னும் சற்றே நிறுத்துக. நிறுத்தினால் மறந்துவிட்டதாக எண்ணுவரென்று சிலர் அஞ்சுவர். அது வீண் அச்சம். எழுதப் படிக்க அறியாதவர் மனத்தில் கூட்டிக்கொள்வது அவ்விடைவேளையிலேதான்.

பஞ்சாயத்தாரின் மைத்துனர் பெயரும், குடிசைவாசியின் பெயரும் ஒரே குரலில் வருதல் வேண்டும். முன்னதை முணுமுணுத்துப் பின்னதை முழங்கும் வழக்கம் யாவரும் அறிந்ததே. இக்குறைக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது.

கூட்டத்துக்கு முதல்நாள் மாலை காரியதரிசி அதே மண்டபத்தில் நின்று ஜாபிதாவை வாசித்துப் பார்க்கலாம். கடைசித் தூணருகே அங்கத்தினர் ஒருவரை உட்காரவைத்து, காதில் விழுந்த தொகைகளைத் திருப்பிச் சொல்லச் செய்க. அவர் தவறாய்ச் சொன்ன இடங்களில் பென்சிலால் குறியிட்டு, மறுநாள் அங்கே நிதானிக்கலாம்.