“ஊர் எது தம்பி?”

(சட்டக் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்டர்ன்ஷிப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். என்னுடைய முதல் இன்டர்ன்ஷிப்பில் நான் கற்றுக்கொண்டதை விட மறைத்ததுதான் அதிகம். பல வருடங்களாக யாரிடமும் சொல்லாத அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

2016. நான் ஐந்தாண்டுப் படிப்பில் இருந்தேன். இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் உங்களுக்குத் தெரியும். ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். ஒரு ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விதி இவ்வளவையும் சொல்கிறது. அந்த நான்கு வாரம் எங்கே தங்குவது, சாப்பாட்டுக்கு யார் தருவது, யார் நம்மைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வரி கிடையாது. வக்கீல் மாமா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு போன் கால். எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல், எங்கள் கல்லூரிக்கு வந்து சமூகநீதி பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனவர். அவருக்குத்தான் கடிதம் எழுதினேன். வரச் சொன்னார்.

அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கித் தந்தார். சென்னையில் ஆதிதிராவிடர் நல விடுதி ஒன்றில், நண்பனின் அறையில் கெஸ்ட்டாகப் படுத்துக்கொண்டேன். ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. தினமும் இரவு துவைத்துக் காயப்போட்டு, காலையில் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு பாரிமுனைக்குப் பஸ் ஏறுவேன்.

முதல் நாள் சீனியர் கேட்டார், “ஊர் எது தம்பி?”

“திண்டிவனம் பக்கம் சார்.”

“திண்டிவனம் பக்கம்னா?”

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவருக்கு அந்த ஊர் தெரிந்திருந்தது. “பஸ் ஸ்டாப்புக்கு எந்தப் பக்கம்?”

தோழர்களே, இந்தக் கேள்வியின் அர்த்தம் இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்கு விளக்காமலே புரியும். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அது பெரிய சாதனை. தமிழ்நாட்டில் பெயரை வைத்துச் சாதியைக் கண்டுபிடிப்பது கடினமானது. அதனால் கேள்வி பெயரை விட்டுவிட்டுத் தெருவுக்குப் போனது. அப்பா என்ன செய்கிறார், நிலம் இருக்கிறதா, பஸ் ஸ்டாப்புக்கு எந்தப் பக்கம் என்று அது பல வேடம் போடும்.

“பஸ் ஸ்டாப் பக்கத்துலதான் சார்” என்று பொய் சொன்னேன். எங்கள் காலனிக்கு அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

அவர் என்னைத் திட்டவில்லை. அவமானப்படுத்தவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த நாளிலிருந்து என்னைப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். என்னோடு சேர்ந்த இன்னொரு மாணவர் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், குடும்பத்திலேயே வக்கீல்கள். அவர் உள் அறையில் உட்கார்ந்து மனு எழுதிப் பழகினார். நான் கேஸ் கட்டு தூக்கினேன், ஜெராக்ஸ் வரிசையில் நின்றேன், காபி வாங்கி வந்தேன். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், எனக்கு வராது என்பதும் உண்மை. ஆனால் எனக்கு வருமா வராதா என்று யாரும் ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பார்க்கவில்லை.

அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே ஆள் குமாஸ்தா அண்ணன். மனு ஏன் ரிட்டர்ன் ஆகிறது, நகல் மனு எப்படிப் போடுவது, பேட்டா கட்டாவிட்டால் நோட்டீஸ் போகாது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். இதையெல்லாம் எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றாவது வாரம் ஒரு அம்மா வந்தார். மகனை ஊர்க்காரர்கள் அடித்துக் கையை உடைத்திருந்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. சிறப்பு நீதிமன்றம் பிணை மறுத்ததை எதிர்த்துக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார்கள். எங்கள் அலுவலகம் அந்த அம்மாவுக்காக ஆஜராக வேண்டும். உள்ளே இடம் இல்லை என்று மாடிப்படியில் உட்கார வைத்திருந்தார்கள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சட்டத்தின் 15ஏ பிரிவு அந்த ஆண்டு ஜனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பிணை உட்பட எந்த நடவடிக்கையிலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்கிறது அந்தப் பிரிவு. நான் இரவு விடுதியில் உட்கார்ந்து இரண்டு பக்கக் குறிப்பு எழுதி ஜூனியரிடம் கொடுத்தேன். “வச்சிட்டுப் போ” என்றார். மறுநாளும் அது அதே இடத்தில், ஒரு காபி டம்ளருக்கு அடியில் இருந்தது.

விசாரணை நாளன்று சீனியர் வேறு கோர்ட்டில், ஜூனியர் இன்னொரு கோர்ட்டில். வழக்கை அழைத்தார்கள். ‘பாஸ் ஓவர்’ கேட்கக்கூட எங்கள் பக்கம் ஆள் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்த நான் வெள்ளைச் சட்டையில் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இன்டர்ன் வாய் திறக்க முடியாது. சில நிமிடங்களில் பிணை கிடைத்துவிட்டது. வழக்கு தவறிப்போவது எல்லா அலுவலகத்திலும் நடக்கும். ஆனால் அந்த நான்கு வாரத்தில் தவறிப்போன ஒரே வழக்கு அதுதான்.

அந்த அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நீ எந்த ஊரு கண்ணு?” என்று கேட்டார்.

ஊரைச் சொன்னேன். அவர் கேட்காமலே, “காலனிம்மா” என்றும் சொன்னேன்.

“எங்க அண்ணிய அந்தப் பக்கம்தான் குடுத்திருக்கு” என்று சொல்லி, பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துக் கையில் கொடுத்தார்.

சீனியர் கேட்டதும் அதே கேள்விதான். ஒருவர் என்னை எங்கே வைப்பது என்று கேட்டார். இன்னொருவர் நான் தனக்கு யார் என்று கேட்டார்.

கடைசி நாள் சான்றிதழ் தந்தார்கள். “சட்ட ஆய்விலும் மனுக்கள் தயாரிப்பதிலும் திறம்பட உதவினார்.” ஒரு மனுவைக்கூட நான் தயாரிக்கவில்லை. நடந்த எதையும் சீனியரிடம் கேட்கவும் இல்லை. அந்தத் தாளுக்காக வாயை மூடிக்கொண்டேன். என் வெட்கம் அதுதான்.

ஊருக்குப் போய், எனக்குத்தான் திறமை இல்லை என்று வெகுநாள் நம்பினேன். பிறகு ஆய்வுக்கு வந்தபோது ஒரு கட்டுரை படித்தேன். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்டது. தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் சாத்தியம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. அழைப்பு வராத ஒவ்வொருவரும் தன் வீட்டில் உட்கார்ந்து தன்னைத்தானே குறை சொல்லியிருப்பார் அல்லவா?

1917இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடம் தரவில்லை. பார்சி என்று சொல்லித் தங்கிய விடுதியிலிருந்து பதினோராவது நாள் தடிகளோடு வந்து விரட்டினார்கள். காமாட்டி பாக் பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அவரும் தங்குவதற்காகத் தன் அடையாளத்தை மறைக்க வேண்டியிருந்தது. பின்னாளில் அதை மறைக்காமல் எழுதி வைத்தார். அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

எனவே உங்களிடம் சில விஷயங்கள்.

ஒன்று. விதியை முழுதாகப் படியுங்கள். படிப்புக் காலத்தில் ஒரு முறையாவது வழக்கறிஞரிடம் போக வேண்டும் என்றுதான் சொல்கிறது. மீதி வாரங்களைத் தொண்டு நிறுவனத்திலோ, உள்ளாட்சி அமைப்பிலோ, நீதித்துறையிலோ முடிக்கலாம். பெரிய பெயருக்காகக் கடன் வாங்காதீர்கள்.

இரண்டு. ஊதியம் கேளுங்கள். இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இன்டர்ன்கள் அதில் இல்லை. பஸ் செலவும் சாப்பாடுமாவது வேண்டும் என்று கல்லூரியிடம் கூட்டாகக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் கெஞ்சலாகிவிடும்.

மூன்று. தினமும் என்ன வேலை செய்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். எந்த அலுவலகத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள், எங்கே காபி வாங்க வைக்கிறார்கள் என்று அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லுங்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஒரு அண்ணனோ அக்காவோ இல்லை. உங்களுக்கு நாங்கள் இருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. நாளை உங்களில் சிலர் சீனியர் ஆவீர்கள். உங்கள் அலுவலக மாடிப்படியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். ஈரச் சட்டையோடு ஒரு பிள்ளை வந்து நின்றால், ஊரைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேஸ் கட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.