அடியின் வேர்

அடியின் வலிமை தோளில் பிறப்பதன்று. நிலத்தில் ஊன்றிய பாதத்தில் பிறந்து, இடுப்பின் திருப்பத்தில் வளர்வது. குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த சண்டைக்கலையிலோ, உதைத்த கால் விரைந்து மீளாவிடின் எதிராளி அதனைப் பற்றி வீழ்த்திவிடுவார்.

2019இல் சீனத்து ஜாங் வெய்லி, அமெரிக்க யூ.எஃப்.சி. அமைப்பின் 52 கிலோப் பிரிவுப் பட்டத்தை 42 விநாடிகளில் வென்றார். அதே பிரிவில் 2024 ஜூனில் வென்ற பூஜா தோமர், அவ்வரங்கில் வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண்மணியானார். இருவரும் சீன மரபில் உதை பயின்றவர்களே.

நுவரெலியாச் சரிவுகளில் கொழுந்துடன் ஏறியிறங்கும் நம் பெண்களின் கால்களும் உரமுள்ளவையே. ஆனால் மாலையில் வீட்டுவேலை காத்திருக்கிறது. பயிற்சிக்களமும் பயிற்றுநரும் ஓய்வுநேரமும் வாய்ப்பின், பட்டப்போட்டியில் மலையகத்துப் பெயரும் ஒருநாள் ஒலிக்கக்கூடும்.