தேர்க்காலும் திறவுகோலும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான், நாயன்மார் எவருடைய வரலாற்றையும் பாடப் புகுவதற்கு முன்பாகவே ஒரு சாலை விபத்தைப் பாடியிருக்கிறார். திருநகரச் சிறப்பு என்னும் பகுதியில் அமைந்த மனுநீதிச் சோழன் வரலாறே அது. ஆராய்ச்சி மணி, பசுவின் கண்ணீர், மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னன் ஆகிய மூன்றும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. மேடைகளில் இவ்வரலாறு செங்கோலின் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதன் நடுப்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வண்டி ஓட்டும் வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அந்த நடுப்பகுதியைத்தான்.

இளவரசன் பரிவாரம் சூழத் தேரேறித் திருவாரூர் வீதியில் வருகிறான். இளங்கன்று ஒன்று எவரும் அறியாதபடி இடையே துள்ளிப் புகுந்து தேர்க்காலில் அகப்பட்டு மடிகிறது. இளவரசன் கொடியவன் அல்லன். வேண்டுமென்று ஏற்றியவனும் அல்லன். தாய்ப்பசு கதறுவதைக் கண்டதும் உள்ளம் பதைத்துத் தேரிலிருந்து இறங்கி விழுகிறான். அதன் பிறகு அவனுக்குத் தோன்றும் எண்ணத்தைச் சேக்கிழார் மறைக்காமல் சொல்லுகிறார். இப்பழிக்கு மறைநூல் வழியில் அந்தணர் விதிக்கும் கழுவாய் ஏதேனும் உண்டென்றால், தந்தை இதனை அறிவதற்கு முன்பாகவே செய்து முடித்துவிட வேண்டும் என்று அவன் எண்ணுகிறான்.

தந்தை அறிவதற்கு முன்பாகவே! எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நூலில் இன்றைய வீட்டுப் பிள்ளை அப்படியே நிற்கிறான். காரின் முன்புறம் நசுங்கினால் அப்பா வேலை முடிந்து வருவதற்குள் பட்டறையில் தட்டி நிமிர்த்திவிட வேண்டும். போக்குவரத்துச் சம்மன் வந்தால் மேசை அறைக்குள் மறைத்துவிட்டு மாமாவிடமோ சித்தியிடமோ பணம் கேட்க வேண்டும். பிள்ளை அஞ்சுவது செய்த செயலை எண்ணியா, அப்பாவின் முகத்தை எண்ணியா என்று பிரித்தறிவது எளிதன்று. இரண்டும் கலந்தே இருக்கும்.

அடுத்து வருவது இன்னும் கூர்மையானது. அமைச்சர்கள் மன்னனிடம், பசுவைக் கொன்றவர்க்குக் கழுவாய் உண்டு, அதனைச் செய்வித்தலே முறை என்கிறார்கள். மன்னன் இசையவில்லை. வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றிருந்தால் அவனைக் கொல்லும் நான், என் மகன் என்பதற்காகக் கழுவாயோடு விட்டுவிடுவதா என்று கேட்கிறான். அந்தக் காலத் தண்டனை இந்தக் காலத்துக்கு உரியதன்று. பெற்ற எவரும் அதனைக் கேட்கவே நடுங்குவர். எனினும் ஊரார் பிள்ளைக்கு ஓர் அளவுகோலும் தன் பிள்ளைக்கு வேறோர் அளவுகோலும் வைக்க மறுத்தானே, அந்த மறுப்பு எக்காலத்துக்கும் உரியது. (இதே போன்ற வரலாறு மகாவம்சத்தில் எல்லாளன் மேலும் ஏற்றிச் சொல்லப்படுகிறது. அநுராதபுரத்தில் அவனோடு போரிட்டு வென்றவனைப் போற்றும் நூலே, மகன் தேரேற்றிக் கன்றைக் கொன்றபோது அவன் நடுநிலை தவறவில்லை என்று பதிவு செய்திருக்கிறது.)

இனி மலேசியச் சாலைகளுக்கு வருவோமானால், அங்கு மடிவது கன்றுகள் அல்ல. 2019ஆம் ஆண்டில் இந்நாட்டில் சாலை விபத்துகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். பெருந்தொற்றினால் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த 2020இல் அத்தொகை 4,634 ஆயிற்று. கட்டுப்பாடு நீங்கிய 2022இல் மீண்டும் ஆறாயிரத்தைக் கடந்தது. நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்டிலும் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் மாண்டார்கள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆண்டுதோறும் மாள்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களில் இளம் வயதினர் பெருந்தொகையினர்.

இத்தகைய இழவு வீடுகளில் தவறாமல் கேட்கும் சொல் ஒன்று உண்டு. "எல்லாம் விதி" என்பார்கள். ஆறுதலுக்காகச் சொல்லப்படும் சொல்லைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தமிழில் விதி என்னும் ஒரே சொல் ஊழையும் குறிக்கும், ஒழுங்கையும் குறிக்கும். சாலை விதியை மீறிய பின்னர் தலைவிதியின்மேல் பாரத்தைப் போடுவது சைவ சித்தாந்தம் சொல்லும் வினைக்கொள்கை ஆகாது. செய்தவனை வினை சாரும் என்பதே அக்கொள்கை. கண்ணாடியில் "முருகன் துணை" என்று ஒட்டிக்கொண்டு சிவப்பு விளக்கைக் கடந்து பாய்பவன், துணையிருக்கும் முருகனையும் அல்லவா அவ்விடத்தில் சங்கடப்படுத்துகிறான்!

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. கைத்தொலைபேசியில் வந்த செய்தியை ஒரு வினாடி குனிந்து பார்த்தால், சிறிய ஆலயம் ஒன்றின் வாசலிலிருந்து கருவறை வரையுள்ள தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்கு ஒப்பாகும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இதெல்லாம் இடைநிலைப்பள்ளி இயற்பியலில் உள்ளதுதான். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கிய மாணவனே அன்று மாலை அதை மறந்துவிடுகிறான். ஆகவே அறியாமையினால் வரும் குற்றம் என்று இதனைச் சொல்லிவிட முடியாது. அறிந்ததைத் தன்மேல் பொறுப்பாக ஏற்காமையே குற்றம்.

அந்தப் பொறுப்பு எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் மளிகைக் கடைக்குப் போகும் வழியில் தொடங்குகிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பையனிடம் "கப்சாய்" வண்டியின் சாவியைக் கொடுத்து, "பக்கத்துத் தாமான்தானே, தேங்காய்ப்பால் வாங்கி வா" என்று அனுப்புகிறார்கள். தலைக்கவசம் வேண்டியதில்லை, இரண்டு தெருத்தானே. மகன் வண்டி ஓட்டப் பழகிவிட்டான் என்பதில் தகப்பனாருக்குப் பெருமிதம். அலைச்சல் குறைந்ததே என்று தாயாருக்கு நிம்மதி. இந்நாட்டில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறுவதற்குப் பதினாறு வயதும், கார் உரிமத்துக்குப் பதினேழு வயதும் நிரம்ப வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, உரிமமின்றி ஓட்டுபவன் மட்டுமன்றி, உரிமமில்லாதவனை ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளியே. தேங்காய்ப்பாலுக்காகச் சாவி கொடுத்த கையும் சட்டத்தின்முன் நிற்க வேண்டிய கைதான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பெற்றோருக்கு வசதியாக இருக்கும்போது விதி தளரும் என்ற பாடத்தை அந்தப் பையன் அன்றே கற்றுக்கொள்கிறான். பின்னர், தனக்கு வசதியான நேரத்தில் அவனும் தளர்த்திக்கொள்கிறான்.

2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை மூன்று மணிக்குப் பின் ஜொகூர் பாருவில் நிகழ்ந்ததை நாடு இன்னும் மறக்கவில்லை. மாற்றியமைத்த மிதிவண்டிகளில் கூட்டமாக வந்த பதின்ம வயதுச் சிறுவர்களின்மேல் கார் மோதி எட்டுப் பேர் உயிரிழந்தனர். காரோட்டிய பெண்மணியின் வழக்கு ஆறு ஆண்டுகள் நீதிமன்றப் படிகளை ஏறியிறங்கி, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்ததோடு முடிவுற்றது. அந்நேரத்தில் பெற்றோர் எங்கே இருந்தார்கள் என்று நாடெங்கும் கேட்டார்கள். எட்டுக் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது எளிது. தத்தம் வீட்டுக் கட்டிலில் மகன் படுத்திருக்கிறானா என்று எழுந்துபோய்ப் பார்ப்பது அதனினும் எளிது. இன மத வேறுபாடு இதில் இல்லை. மிதிவண்டியில் தொடங்கும் ஆசை இரண்டொரு ஆண்டில் மோட்டார் சைக்கிளுக்கு மாறுகிறது. அவ்வகை மிதிவண்டிகளில் கைப்பிடியைத் தாழ்த்துவதோடு பிரேக்கையும் பல சமயங்களில் கழற்றிவிடுகிறார்கள் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

பிரேக்கைக் கழற்றுவது வீரம் என்று எண்ணும் இளைஞர்கள் திருவாரூர் ஆழித்தேரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். தொண்ணூறு அடிக்கு மேல் உயர்ந்த அத்தேரை இழுக்க ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். ஆயினும் அதை நடத்துபவர்கள் வடம் பிடிப்போர் அல்லர். சக்கரத்தின் அருகே மரத்தாலான முட்டுக்கட்டையை ஏந்தி, உரிய கணத்தில் அதனைச் சக்கரத்துக்கு முன்னால் இட்டுத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் வல்லவர்கள் சிலரே உண்டு. அவர்கள் கை ஒரு கணம் பிந்தினால் தேர் வீட்டுச் சுவரில் ஏறும், அல்லது மனிதர்மேல் ஏறும். அத்தொழில் தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறி வருவது. பிற்காலத்தில் அத்தேருக்கு இரும்புச் சக்கரமும் நீர்ம அழுத்தப் பிரேக்கும் பொருத்தப்பட்டன; அதன் பின்னும் முட்டுக்கட்டைக்காரர் அகலவில்லை. இறைவனே எழுந்தருளும் தேருக்கும் தடை வேண்டியிருக்கிறது.

இந்தப் பொறுப்புணர்ச்சி இந்நாட்டு இளைஞர்களிடம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து, உணவையும் நாவையும் அடக்கிக் காவடி ஏந்துபவன் அவன். இரத ஊர்வலத்தில் நீண்ட மூங்கிலால் மின்கம்பியை உயர்த்திப் பிடிப்பவனும், ஊதுகுழல் ஊதி வாகனங்களை நிறுத்தி வயதானவர்களைச் சாலை கடக்கச் செய்பவனும், தண்ணீர்ப் பந்தலில் விடியும்வரை நிற்பவனும் அவனே. யாரும் அவனை விரட்டி வேலை வாங்கவில்லை. "இந்தச் சக்கரம் உன் பொறுப்பு" என்று ஒருவர் சொன்னார், அவன் ஏற்றுக்கொண்டான். அதே இளைஞன் அன்றிரவு ஆலய வாசலிலிருந்து வண்டியைக் கிளப்பும்போது புகைக்குழாயின் ஓசை இரண்டு தெருவை எழுப்புகிறது என்றால், ஆலயத்தில் கிடைத்த பொறுப்பு வீட்டில் எவராலும் அவனிடம் கொடுக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். வீட்டில் அவனுக்குக் கிடைப்பவை இரண்டு: ஒன்று வசை, மற்றொன்று பணம். வசையை முதலில் வாங்கிக்கொண்டால் பணம் பின்னால் வரும் என்பது அவனுக்கு அனுபவத்தில் தெரியும்.

இதை மாற்றிக்கொண்ட வீடுகளும் இல்லாமல் இல்லை. அங்கே மகனுடைய சம்மனைத் தந்தை கட்டுவதில்லை. பகுதிநேர வேலையில் கிடைத்த சம்பளத்திலிருந்து அவனே கட்டுகிறான். போலீஸ் நிலையத்துக்கோ கூட்டரசு அலுவலகத்துக்கோ வரிசையில் நிற்பவனும் அவனே. தந்தை உடன் போகிறார், ஆனால் பேசுவதில்லை. அந்த மௌனம் பெரிய பாடம். பிறர் வண்டியை இடித்துவிட்டால், அந்த வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டி, "தவறு என்னுடையது, ஐயா" என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். வண்டிச்சாவி பூசை மாடத்தின் அருகே ஆணியில் தொங்குகிறது; எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று சொல்லி எடுக்கிறான். தந்தையும் அப்படியே சொல்லித்தான் எடுக்கிறார். இந்த இரண்டாவது செய்தி இல்லாவிட்டால் முதலாவது நெடுநாள் நிற்காது. மகன் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பத்தாண்டுக் காலம் முழுவதும் அவன் காண்பது தந்தை ஓட்டும் விதத்தைத்தான். இரட்டைக் கோட்டில் முந்திச் செல்வதும், திருமண விருந்தில் மது அருந்திவிட்டு "பழக்கப்பட்ட பாதைதானே" என்று சொல்லி வண்டியில் அமர்வதும் அங்கிருந்தே கற்கப்படுகின்றன. உயிரிழப்பை உண்டாக்கிய அபாயகரமான ஓட்டத்துக்கு 2020இல் திருத்தப்பட்ட சட்டம் ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை விதிக்கிறது; மது அருந்தி ஓட்டி உயிர் போக்கினால் பத்தாண்டுக்குக் குறையாது. அந்த நிலையில் எந்தத் தந்தையின் பணப்பையும் உதவாது.

திருவாரூரில் வீதிவிடங்கப் பெருமான் திருவருளால் கன்றும், இளவரசனும், அவனைத் தேர்க்காலில் இட மனமின்றித் தன்னுயிர் நீத்த அமைச்சனும் மீண்டும் எழுந்தார்கள். அந்த முடிவைக் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்புகிறவர்கள், இந்நாட்டு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவு வாசலில் பிளாஸ்டிக் பையில் கொடுக்கப்படும் கைக்கடிகாரத்தையும் காலணியையும் வாங்கிக்கொள்ளும் தாய்மாரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலய நிர்வாகத்தின் முன் வைக்க ஒரு விண்ணப்பம் உண்டு. புது வண்டி வாங்கியதும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து வாகன பூசை செய்விக்கும் நல்ல வழக்கம் இங்கே நிலைத்திருக்கிறது. சந்தனம் குங்குமம் சாத்தி, மாலையிட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம் பழம் வைத்து நகர்த்துகிறார்கள். இனிமேல் பூசைச் சீட்டு எழுதும் மேசையிலேயே, ஓட்டப் போகிறவர் யார் என்று கேட்டு, அவருடைய உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். உரிமம் இல்லையெனில், அதைப் பெற்றுவந்த பின் பூசை நடக்கட்டும். வண்டி அதுவரை வீட்டு முற்றத்தில் நிற்கட்டும். சீட்டு வருமானத்தில் சில ரிங்கிட் குறையும், சில பெற்றோர் முகம் சுளித்து அடுத்த ஆலயத்துக்குப் போகவும் கூடும். பூசை முடிந்தபின் அருச்சனைத் தட்டில் உள்ள சாவியைக் குருக்கள் பிள்ளையின் கையில் நேராகக் கொடாமல் தாயின் கையில் கொடுப்பார். எந்த வேகத்தில் ஓட்டுவான், யாரை ஏற்றமாட்டான், தவறு நேர்ந்தால் முதலில் யாரிடம் வந்து சொல்வான் என்பவற்றைச் சன்னிதியில் நின்று அவன் தன் சொற்களில் சொல்ல வேண்டும். சொன்ன பின்பு தாய் சாவியைக் கொடுப்பார். தந்தை தம்முடைய பழைய வண்டியின் சாவியையும் அதே தட்டில் வைத்து எடுத்துக்கொள்ளலாம்.