வெள்ளையடித்த செலவு யாருக்கு?

வீட்டுக்காரர் வெள்ளையடித்தார், பழைய ஒயரிங்கை மாற்றினார். அடுத்த மாதமே வாடகை ஆயிரம் ரூபாய் ஏறியது. குடியிருப்பவரும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறார். பல வீடுகளில் நடப்பது இதுதான்.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் என்ன சொல்கிறது? சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், ஒயரிங், குழாய் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் கணக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் இது மாறும்.

புதிதாக ஓர் அறை கட்டினால்? வாடகையை உயர்த்தலாம். ஆனால் இருவரும் பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்தே உயர்வு அமலுக்கு வரும்.

மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் குடும்பத்துக்கு இது பெரிய பாதுகாப்பு. கையெழுத்துப் போடுமுன் பராமரிப்புச் செலவு பற்றிய பத்தியை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.