கதை கேட்கும் உரிமை

தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்றொரு நகரம். அதனை ஆண்ட அமரசக்தி என்னும் அரசனுக்கு மைந்தர் மூவர். மூவருக்கும் கல்வி ஏறவில்லை. விஷ்ணுசர்மர் என்னும் முதிய ஆசிரியர், ஆறு திங்களில் அவர்களை நீதி அறிந்தவர்களாக ஆக்குவதாக வாக்களித்தார். சாத்திரங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, காக்கை, ஆமை, எலி, மான் ஆகியவற்றின் கதைகளைச் சொல்லத் தொடங்கினார். பஞ்சதந்திரம் பிறந்ததற்கு அந்நூலே கூறும் காரணம் இது. 19ஆம் நூற்றாண்டில் தாண்டவராய முதலியார் அதனை மராத்தி மொழியிலிருந்து தமிழாக்கினார். வடமொழியிற் பிறந்த கதை மராத்தியின் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இக்கதையில் விளங்கும் உண்மை ஒன்று உண்டு. பிள்ளைகள் மாறவேண்டும் என்று காத்திராமல், ஆசிரியர் தம் முறையை மாற்றிக்கொண்டார். உடலிலோ, அறிவு வளர்ச்சியிலோ, மனத்திலோ குறை நேர்ந்த இளைஞரோடு பழகும் நம் அனைவருக்கும் அதுவே முதற்பாடம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். 1995ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளில் 7 வகைகளையே கண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. மனநோயும், அறிவுசார் குறைபாடும், ஆட்டிசமும் அவற்றுள் அடங்கும். கல்வியும் வேலையும் உரிமை என்று சட்டம் கூறிவிடலாம். இரவில் பாட்டியின் அருகே படுத்துக் கதை கேட்பதும் ஓர் உரிமை என்று எந்தச் சட்டமும் கூறாது. அதனை வழங்க வேண்டியது வீடுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் நம் குடியிருப்பில் அடுத்த வீட்டுச் சிறுவனுக்கு வயது பன்னிரண்டு. அறிவு வளர்ச்சி குறைவு. பேச்சு மிகச் சில சொற்களே. "வீட்டில் இந்தி மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி இவனைக் குழப்பும்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பெற்றோர் அதனைத் தட்டவில்லை. தாயாருக்குக் கடைத்தெரு இந்தியே தெரியும். பாட்டிக்கு அதுவும் தெரியாது. ஆகவே அவனிடம் பேசுவோர் குறைந்தனர். கதை அறவே நின்றது.

ஒரு நாள் அவன் தந்தையார் நம்மிடம் வந்து, நாலைந்து கதைகளை இந்தியில் பெயர்த்துத் தமிழெழுத்தில் எழுதித் தருமாறு கேட்டார். பாட்டி பார்த்துப் படிக்கலாம் அன்றோ! நாமும் எழுதிக் கொடுத்தோம். அம்முதியவர் அதனை அலுவலகச் சுற்றறிக்கை போலத் தடுமாறித் தடுமாறிப் படித்தார். பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்பிழையில் நமக்கும் பங்குண்டு.

பிறகொரு கோடை இரவில் மின்சாரம் நின்றுவிட்டது. தாளைப் படிக்க வெளிச்சமில்லை. பாட்டி, வடை திருடிய காக்கையின் கதையைத் தமிழிலேயே தொடங்கினார். கதை கேட்பவர் 'ம்' கொட்டுவது நம் வழக்கம் அல்லவா? பையனால் அவ்வொலியை எழுப்ப முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கட்டிற் சட்டத்தைக் கையால் ஒருமுறை தட்டினான். காக்கை வாயைத் திறந்தது என்று பாட்டி நிறுத்தியபோது, மேலே சொல் என்பதுபோல் இருமுறை தட்டினான். அன்றுமுதல் அவ்வீட்டில் கதை மீண்டது.

ஆட்டிசம் உடைய குழந்தைகளையும் டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகளையும் பற்றி நடந்த ஆய்வுகள், இருமொழிச் சூழல் அவர்களது மொழி வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று காட்டவில்லை. ஆகவே வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் இத்தகைய பிள்ளையிடமிருந்து தாய்மொழியை எடுத்துவிட வேண்டியதில்லை. கதை சொல்பவருக்கு எம்மொழி இயல்பாக வருமோ, அம்மொழியே கதைக்கு ஏற்றது.

இனி, சொல்லும் முறை. ஒரே கதையை ஒரே சொற்களால் தொடங்குக. அடுத்து வருவது தெரிந்திருப்பது இப்பிள்ளைகளுக்கு அச்சம் நீக்கும். வாக்கியங்கள் சிறியனவாக இருக்கட்டும். கண் தெரியாத பிள்ளையின் கையில் முறத்தையும் நெல்லையும் கொடுத்துக் கதை சொல்லலாம்; காது கேளாத பிள்ளைக்குச் சைகையும் முகக்குறிப்பும் படமும் வேண்டும். கேள்வி கேட்டபின் காத்திருத்தல் மிகமிகத் தேவை. மனத்துக்குள் பத்து வரை எண்ணும் அளவு பொறுத்தால், வராது என்று நாம் எண்ணிய மறுமொழி வருவதுண்டு.

அமெரிக்காவில் கரோல் கிரே என்னும் ஆசிரியை, ஆட்டிசம் உடைய மாணவர்களுக்காக 1991ஆம் ஆண்டளவில் ஒரு முறையை வகுத்தார். முடிவெட்டும் கடைக்குப் போவது, மருத்துவரைக் காண்பது போன்ற நிகழ்ச்சிகளை, அங்கு என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று சிறு கதையாக முன்கூட்டியே சொல்லிவிடுவது அது. புகைவண்டியில் ஊருக்குப் புறப்படுமுன் நாமும் இவ்வாறு செய்யலாம்: வண்டி வரும், கூட்டம் இருக்கும், ஓசை பெரிதாகக் கேட்கும், அம்மா கையைப் பிடித்துக்கொள்வாள், இரண்டு இரவு கழிந்தபின் தாத்தா வீடு வரும்.

கதை கேட்கப் பழகிய பிள்ளை கதை சொல்லவும் விரும்பும். நாம் குறிப்பிட்ட சிறுவன் சில நாள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தான். காரணம் கேட்டால் விடையில்லை. பாட்டி, "ஓர் ஊரிலே ஒரு பையன் இருந்தான், காலையிலே வண்டியிலே ஏறினான்" என்று தொடங்கினார். சரியான இடங்களில் அவன் தட்டினான். தவறான இடங்களில் கையை எடுத்துக்கொண்டான். கதை சாப்பாட்டு டப்பாவுக்கு வந்தபோது ஓயாமல் தட்டினான். பெற்றோர் சென்று விசாரித்தனர். வண்டியில் பெரிய பையன்கள் நாள்தோறும் அவனது உணவைப் பிடுங்கித் தின்றது தெரியவந்தது. துன்பத்தைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த வழி கதை ஒன்றே.

மனநோயுற்ற இளைஞர் திறத்தில் இன்னும் மென்மையாக நடக்கவேண்டும். தம்மைப் பற்றி நேரே பேச இயலாதவர், கதையில் வரும் ஒருவனைப் பற்றிப் பேசுவார். அப்போது "அவன் நீதானே?" என்று மடக்கிக் கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். நீதி கூறி முடித்தலும் ஆகாது. அவர் நம்பிச் சொன்னதை அவர் இசைவின்றி உறவினர்க்கு உரைப்பது பெருந்தவறு. "பைத்தியம்" என்ற ஒரே சொல்லால் ஊர் அவரைப்பற்றி ஒரு கதை கட்டியிருக்கும். படித்ததையும், நட்பையும், பிடித்த உணவையும், தாங்கிய துயரையும் சேர்த்துத் தம் கதையைத் தாமே சொல்ல அவருக்கு இடந்தருதல் நம் கடன்.

எனினும் கதை மருந்தன்று. மருத்துவர் தரும் சிகிச்சைக்கு அது துணையாகுமே தவிர, மாற்றாகாது. உறக்கமின்மையும் அச்சமும் நீடித்தாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலும் உடனே உதவி நாடவேண்டும். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அன்பர்களே, ஊரை விட்டு வந்தபோது பாத்திரங்களையும் துணிமணிகளையும் கட்டிக்கொண்டு வந்தோம். கதைகள் பாரமில்லாமல் உடன் வந்தன. விருந்தினர் வரும்போது உள்ளறைக்கு அனுப்பப்படும் பிள்ளை நம் வீடுகளில் எதிலேனும் இருக்குமாயின், இன்றிரவு அப்பிள்ளையின் அருகில் அமர்ந்து ஒரு கதை தொடங்குவோம். 'ம்' என்னும் ஒலி வராமற் போகலாம். கையைக் கவனித்திருப்போம்.