ஆறாம் வகுப்பும் தலையெழுத்தும்

(ஆரம்பாக்கம் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



ஐந்தாவது முடித்த பிள்ளை ஆறாவதில் சேராமல் நின்றுவிட்டால், “அவன் தலையெழுத்து அவ்வளவுதான்” என்று நம் ஜனங்கள் சுலபமாய்ச் சொல்லிவிடுகிறார்கள். முடிவெட்டும் தோழரைக் கேளுங்கள். எத்தனையோ தலைகளைப் பார்த்த அவர் ஒரு எழுத்தையாவது கண்டதுண்டா? பிள்ளையை நிறுத்துவது எழுத்தல்ல. தூரமும், பயமும், பசியும், ஒரு காகிதமுமேயாகும்.

1953-ல் ராஜகோபாலாச்சாரியார் ஆரம்பப் பள்ளிப் படிப்பை அரை நாளாக்கி, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். கிளர்ச்சி கிளம்பிற்று, 1954-ல் அது ஒழிந்தது. 2019-ல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே பொதுப் பரீட்சை என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். சர்க்கார் வைத்த சல்லடைகள் இரண்டும் போயின. நம் வீட்டுக்குள் இருக்கும் சல்லடை போயிற்றா?

பெண் பிள்ளைக்குப் பதினோரு வயதாகிறது. “இனி பெரியவளாகிவிடுவாள், அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?” என்கிறோம். ஆண் பிள்ளையை அனுப்பும்போது அந்தத் தூரம் எங்கே போகிறது? தூரம் ரஸ்தாவில் இல்லை. நம் புத்தியில்தான் இருக்கிறது.

நிற்க. சட்டத்தைக் கவனியுங்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை படிப்பை உரிமையாக்கியிருக்கிறது. படிக்கும் பள்ளியில் மேல்வகுப்பு இல்லையென்றால் வேறு சர்க்கார் பள்ளிக்கோ, உதவி பெறும் பள்ளிக்கோ மாறலாம். தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும். அது வரத் தாமதமானாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும், சேர்க்க மறுக்கக்கூடாது. செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பும் இருளர் வீட்டுப் பிள்ளைக்கும் இதே உரிமைதான். “காகிதம் இல்லை” என்று திருப்பினால் திரும்பி வராதீர்கள். சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

2022-ல் துவங்கிய காலை உணவு 1 முதல் 5-ம் வகுப்பு வரைக்குமே வகுக்கப்பட்டது. ஆறாவதில் சேர்ந்தவுடன் பசி நின்றுவிடுமா? இதையும் நாம் கேட்டே தீர வேண்டும்.

ஆனால் சர்க்காருக்காகக் காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. கோடை விடுமுறைக்கு முன்பே ஐந்தாவது பிள்ளைகளை ஒரு நாள் பெரிய பள்ளிக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். பாடத்துக்கொரு ஆசிரியர் வருவார் என்பதைச் சொல்லி வையுங்கள். மேல்வகுப்பு மாணவர் ஒருவரைத் துணை சேருங்கள். முதல் மாதம் பெரியவர் ஒருவர் கூட நின்று கல்கத்தா ரஸ்தாவைக் கடத்திவிடட்டும்.

கோவில் தேருக்கு வடம் பிடிக்க நூறு பேர் வருகிற ஊரில், பத்துப் பிள்ளைகளின் கையைப் பிடிக்க நாலு பேர் கிடைக்கமாட்டார்களா? யோசித்துப் பாருங்கள்.